வேறு சொற்களில் சொல்லுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாக மாணவர்களின் கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் திருத்தி வருகிறேன். "இதை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள்" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தால், அடுத்த நாள் ஏதாவது ஒரு கேள்வி திரும்பி வரும். அப்படி வந்தவற்றில் முக்கியமானவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பாராஃப்ரேஸ் என்கிறார்களே, அது என்ன?

ஒருவர் சொன்னதையோ எழுதியதையோ, பொருள் சிதையாமல், நம்முடைய சொற்களிலும் நம்முடைய வாக்கிய அமைப்பிலும் திரும்பச் சொல்வது. கிரேக்க மொழியில் "பாரா" என்றால் பக்கத்தில், "ஃப்ராசிஸ்" என்றால் சொல்லுதல். மூலத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்வது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும். பக்கத்தில் நிற்பவர் மூலத்தின் மேல் ஏறி நிற்கவும் கூடாது, அதை விட்டு நெடுந்தூரம் போய்விடவும் கூடாது.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா?

உண்டு, ஆனால் ஒரே சொல்லாக இல்லை. நம் உரை மரபு இந்த வேலையைப் பல கூறுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் நேராகப் பொருள் சொன்னால் அது பதவுரை. பாட்டின் பொருளைத் திரட்டித் தொடர்ந்த உரைநடையாகத் தந்தால் பொழிப்புரை. உள்ளே பொதிந்த கருத்தை மட்டும் எடுத்துச் சொன்னால் கருத்துரை. நிறைய விளக்கங்களோடு அகலமாக எழுதினால் விருத்தியுரை. பாராஃப்ரேஸ் என்பதற்கு மிக நெருக்கமானது பொழிப்புரைதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் செய்யுள்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஒரு கடிதத்துக்கோ அறிவியல் கட்டுரைக்கோ பொழிப்புரை எழுதினேன் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் இந்தப் பக்கம் முழுவதும் "வேறு சொற்களில் சொல்லுதல்" என்றே எழுதுகிறேன். நீளமானாலும் யாருக்கும் புரியும்.

சுருக்கி எழுதுவதும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. சுருக்கத்தில் சில செய்திகளை வேண்டுமென்றே விட்டுவிடுகிறோம். இங்கே எதையும் விடக் கூடாது. மூலத்தில் ஐந்து செய்திகள் இருந்தால் நம் வடிவிலும் ஐந்து இருக்க வேண்டும். நீளம் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். கடினமான மூலத்தை எளிமையாக்கினால் கூடவும் செய்யும். மேற்கோள் என்றால் எழுத்துக்கு எழுத்து மூலமே வர வேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் மொழியே மாறுகிறது. ஆனால் மொழிபெயர்ப்புக்குள்ளும் இது இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் 1680இல் மொழிபெயர்ப்பை மூன்றாகப் பிரித்தார்: சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது, சொற்களை விட்டுப் பொருளைப் பின்தொடர்வது, மூலத்தை ஒரு தூண்டுதலாக மட்டும் வைத்துக்கொண்டு விருப்பம்போல் எழுதுவது. நடுவில் உள்ளதற்கு அவர் தந்த பெயர்தான் பாராஃப்ரேஸ்.

மூலம் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் மாற்ற வேண்டும்?

இது மாணவர்கள் மெய்யான குழப்பத்தோடு கேட்கும் கேள்வி. "அவர் என்னைவிட அழகாக எழுதியிருக்கிறார், அதைக் கெடுப்பானேன்?" என்பார்கள்.

அழகாக இருக்கிறது என்பதே அது நமக்குப் புரிந்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது. ஒரு பத்தியைப் பத்து முறை படித்து, அடிக்கோடிட்டு, மனப்பாடமும் செய்துவிட்டு, அது என்ன சொல்கிறது என்று கேட்டால் திகைத்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்தச் சொற்களில் சொல்லத் தொடங்கும்போதுதான், எந்த இடத்தில் நம் பிடி நழுவுகிறது என்பது தெரியும். நாக்கு நிற்கும் இடமே புரியாத இடம்.

நம் மனமும் இயல்பிலேயே இந்த வேலையைத்தான் செய்கிறது. 1967இல் ஜாக்குலின் சாக்ஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மக்களை ஒரு பகுதியைக் கேட்க வைத்து, அதிலிருந்த ஒரு வாக்கியத்தைச் சற்று நேரம் கழித்து, சில முறை அப்படியே, சில முறை மாற்றி, திரும்பக் கேட்க வைத்தார். அரை நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியிலேயே, வாக்கியத்தின் அமைப்பு மாறியிருந்ததை அவர்களால் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் பொருள் மாறியிருந்தால் கண்டுபிடித்துவிட்டார்கள். கேட்ட சொற்கள் கரைந்துவிடுகின்றன, பொருள் தங்குகிறது. நேற்று ஒருவர் சொன்னதை இன்று இன்னொருவரிடம் சொல்லும்போது நாம் அவருடைய சொற்களைச் சொல்வதில்லை. தங்கியிருக்கும் பொருளுக்குப் புதிதாகச் சொல் தேடித்தான் சொல்கிறோம்.

வேறு காரணங்களும் உண்டு. நிபுணருக்காக எழுதப்பட்டதைச் சாதாரண வாசகருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். பலருடைய கருத்துகளை ஒரே கட்டுரையில் சேர்க்கும்போது, மேற்கோளுக்கு மேல் மேற்கோளாக அடுக்கினால் கட்டுரை ஒட்டுத்துணி போலாகிவிடும்.

சரி, எப்படிச் செய்வது?

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். இது மூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"தொடர்ந்து ஒரே பயிரை விதைக்கும் நிலத்தில் சில சத்துகள் குறைந்துகொண்டே போகும். இடையில் பயறு வகைகளை விதைத்தால், அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருவதால், இழந்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கலாம்."

பெரும்பாலோர் முதலில் எழுதித் தருவது இப்படி இருக்கும்:

"இடைவிடாமல் ஒரே விளைச்சலை விதைக்கும் பூமியில் சில ஊட்டங்கள் குன்றிக்கொண்டே செல்லும். நடுவில் பயறு இனங்களை விதைத்தால்…"

இதில் ஒரு வேலையும் நடக்கவில்லை. எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது, சட்டை மட்டும் மாறியிருக்கிறது. போதாததற்கு "விளைச்சலை விதைக்கும்" என்று ஒரு பிழையும் புகுந்துவிட்டது. விளைச்சலை அறுக்கலாம், விதைக்க முடியாது.

நான் சொல்லும் முறை இது. மூலத்தை இரண்டு மூன்று முறை நிதானமாகப் படியுங்கள். மூடி வையுங்கள். அதைப் படிக்காத ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாக எண்ணி வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னதை எழுதுங்கள். அதன் பிறகே மூலத்தைத் திறந்து, ஒவ்வொரு செய்தியாக ஒப்பிடுங்கள். கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அப்படி எழுதினால் இப்படி வரலாம்:

"பயறு வகைகளை மாற்றிப் பயிரிடுவது மண்ணின் இழப்பை ஓரளவு ஈடுசெய்யக்கூடும். அவற்றின் வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி எடுத்துக்கொள்ளும் வடிவுக்குக் கொண்டுவருகிறது. இப்படி மாற்றாமல் ஒரே பயிரைத் தொடர்ந்து விதைத்தால், சில சத்துகள் வற்றிக்கொண்டே போகும்."

வரிசை தலைகீழாகிவிட்டது. நீண்ட வாக்கியம் உடைந்துவிட்டது. ஆனால் நைட்ரஜன், பாக்டீரியா, வேர் முடிச்சு ஆகியவை அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு மாற்றுத் தேடுவது வீண். "ஒரு பகுதி கிடைக்கலாம்" என்ற தயக்கம் "ஓரளவு ஈடுசெய்யக்கூடும்" என்று வந்திருக்கிறது. இதை எழுதியபோது முதலில் என் கை "ஆண்டுதோறும் விதைத்தால்" என்று எழுதியது. ஒப்பிட்டபோதுதான் மூலத்தில் ஆண்டு என்ற பேச்சே இல்லை என்று கண்டேன். "தொடர்ந்து" என்று திருத்தினேன். ஒப்பிடும் படி எதற்கு என்பது இப்போது விளங்கும்.

ஒத்த சொற்களை அகராதியில் தேடி மாற்றினால் போதாதா?

போதாது. சொற்கள் தனியாக வாழ்வதில்லை, கூட்டாளிகளோடு வாழ்கின்றன. "ஆபத்தில் கைகொடுத்தான்" என்பதில் கைக்குக் கரம், கொடுத்தலுக்கு வழங்கல் என்று மாற்றினால் "ஆபத்தில் கரம் வழங்கினான்" என்று வரும். தமிழ் தெரிந்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். அங்கே தேவைப்படுவது "உதவினான்" என்ற ஒரே சொல்.

துறைச் சொற்களில் இது இன்னும் ஆபத்தானது. அன்றாடப் பேச்சில் எடையும் நிறையும் ஒன்றுதான். இயற்பியலில் நிறை என்பது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு, எடை என்பது அதன் மேல் செயல்படும் ஈர்ப்பு விசை. நிலவுக்குப் போனால் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகும், நிறை மாறாது. வேகமும் திசைவேகமும் அப்படித்தான். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று அழகுக்காக மாற்றினால் வாக்கியமே பொய்யாகிவிடும். துறைச் சொல் நூறு முறை வந்தாலும் வரட்டும்.

பொருள் சிதைந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரிய சொற்களை விட்டுவிட்டுச் சிறிய சொற்களைப் பாருங்கள். தமிழில் பொருளின் பாரத்தை இடைச்சொற்களே நிறையத் தாங்குகின்றன.

"அவர் வந்தார்." "அவரும் வந்தார்." "அவரே வந்தார்." "அவர்தான் வந்தார்." நான்கும் நான்கு செய்திகள். இரண்டாவதில் வேறு யாரோ ஏற்கெனவே வந்திருக்கிறார்கள். மூன்றாவதில், ஆள் அனுப்பாமல் தாமாக வந்தார் என்ற தொனி இருக்கிறது. நான்காவதில், வந்தது வேறு யாரும் இல்லை என்ற உறுதி. வேறு சொற்களில் எழுதும்போது இந்த "உம்", "ஏ", "தான்" மூன்றும் சத்தமில்லாமல் உதிர்ந்துபோகும். எழுதியவர் பாடுபட்டு வைத்த அழுத்தம் அதோடு போய்விடும்.

அடுத்தது உறுதியின் அளவு. "குறைக்கலாம்", "குறைக்கக்கூடும்", "குறைக்கும்", "குறைத்தே தீரும்" எல்லாம் ஒன்றல்ல. "இந்தப் பழக்கம் வலியைக் குறைக்கலாம்" என்று ஓர் ஆய்வாளர் கவனமாக எழுதுகிறார். அடுத்தவர் அதை "குறைக்கும்" என்று எடுத்தெழுதுகிறார். மூன்றாமவர் "குறைப்பது நிரூபணமாகிவிட்டது" என்கிறார். யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் மூன்று கை மாறியதும் ஒரு பொய் பிறந்துவிட்டது. நான் திருத்தும் தாள்களில் மிக அதிகமாகக் காணும் பிழை இதுதான். என்னை மிகவும் வருத்துவதும் இதுதான்.

"என்கிறார்", "என்று கருதுகிறார்", "என்று நிறுவினார்" ஆகியவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். கருதியவரை நிறுவியவராக்கிவிடக் கூடாது.

மூலமே இரு பொருள் தருவதாக இருந்தால்?

"எல்லோரும் வரவில்லை." ஒருவரும் வரவில்லை என்றும் கொள்ளலாம், சிலர் வந்தார்கள் சிலர் வரவில்லை என்றும் கொள்ளலாம். வேறு சொற்களில் சொல்லப் போகும்போது இந்த இரட்டைத்தன்மை கண்ணில் படும், ஏனென்றால் ஏதாவது ஒன்றை நீங்கள் தேர்ந்தே ஆக வேண்டும். எழுதியவர் அருகில் இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் முன்பின் வாக்கியங்களைப் பாருங்கள். அப்போதும் தெளியவில்லையென்றால் அந்த வாக்கியத்தை மேற்கோளாகவே போடுங்கள். ஊகித்து ஒன்றை எழுதி, அதை மூல ஆசிரியரின் தலையில் ஏற்றுவது நேர்மையாகாது.

எப்போது சொல்லை மாற்றவே கூடாது?

சொல்லே செயலாக இருக்கும் இடங்களில். சட்டப் பிரிவு, ஒப்பந்த வாசகம், உறுதிமொழி, இலக்கண விதி, ஒருவர் மீது குற்றம் சாட்டும் கூற்று ஆகியவை அப்படியே வர வேண்டும். பழைய சூத்திரங்களை அவற்றின் சொற்களிலேயே தம் நூலில் எடுத்து வைப்பதற்கு நன்னூல் ஒரு காரணம் சொல்கிறது: முன்னோர் சொன்ன பொருளை மட்டுமன்றி அவர்கள் மொழியையும் "பொன்னேபோல் போற்றுவம்".

விமானப் போக்குவரத்தில் இது உயிர்ப் பிரச்சினை. கட்டுப்பாட்டு அறை தரும் அனுமதியை விமானி அதே வாசகத்தில் திரும்பச் சொல்ல வேண்டும். சொந்தச் சொற்களுக்கு அங்கே இடமில்லை. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டம், நெரிசல், அவசரம் என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று மொழி. பயண வழிக்கான அனுமதி மட்டுமே கிடைத்திருந்த நிலையில், ஒரு விமானத்திலிருந்து "இப்போது புறப்பாட்டில் இருக்கிறோம்" என்ற பொருளில் வழக்கத்தில் இல்லாத ஒரு தொடர் சொல்லப்பட்டது. புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறை எடுத்துக்கொண்டது. விமானமோ அப்போதே ஓடத் தொடங்கியிருந்தது. அதன் பிறகு விதிகள் இறுகின. "டேக்ஆஃப்" என்ற சொல்லை, மேலெழும்ப அனுமதி தரும்போதோ அந்த அனுமதியை ரத்து செய்யும்போதோ மட்டுமே சொல்ல வேண்டும், மற்ற இடங்களில் வேறு சொல் வர வேண்டும் என்று ஆனது.

அப்படியானால் மருத்துவர் சொன்னதையும் அப்படியே திரும்பச் சொல்ல வேண்டுமா?

அங்கே நேர் எதிர். மருத்துவத்தில் "டீச்-பேக்" என்ற முறை இருக்கிறது. மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்கிய பிறகு, "புரிந்ததா?" என்று கேட்காமல், "வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள், உங்கள் சொற்களில் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். புரிந்ததா என்றால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். மருத்துவரின் சொற்களையே ஒப்பித்தாலும் புரிந்தது என்று சொல்ல முடியாது. "காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, வலி இல்லாவிட்டாலும் நிறுத்தக் கூடாது" என்று நோயாளி தம் சொற்களில் சொல்லும்போதுதான் செய்தி போய்ச் சேர்ந்தது தெரிகிறது. விமானி வார்த்தையைக் காக்கிறார், நோயாளி பொருளைக் காட்டுகிறார்.

பேச்சில் இன்னொரு பயனும் உண்டு. கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளரும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957இல் எழுதிய சிறு நூல், கவனித்துக் கேட்கும் கலையைப் பேசுகிறது. எதிரில் இருப்பவர் சொன்னதை, அவர் ஒப்புக்கொள்ளும்படி நம் சொற்களில் திரும்பச் சொல்லிப் பார்ப்பது அந்தக் கலையின் முக்கியமான பகுதி. சண்டையின் நடுவில் "நான் தாமதமாக வந்தது உங்களுக்குக் கோபமில்லை, சொல்லாமல் இருந்ததுதான் கோபம், இல்லையா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

சொற்களை மாற்றிவிட்டேன். இனி மூலத்தின் பெயரைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். சொற்கள் உங்களுடையவை, கருத்து அவருடையது. பெயரைச் சொல்லாவிட்டால் அது கருத்துத் திருட்டு. பதிப்புரிமைச் சட்டம் பொதுவாகக் கருத்துக்குப் பாதுகாப்புத் தருவதில்லை, அது வெளிப்பட்ட வடிவத்துக்கே தருகிறது என்பது உண்மை. ஆனால் சட்டம் தண்டிக்காது என்பதால் ஒன்று நேர்மையாகிவிடாது. வாக்கியத்துக்கு வாக்கியம் மூலத்தை ஒட்டியே சொற்களை மட்டும் மாற்றியிருந்தால், பெயரைச் சொன்னாலும் பல கல்வி நிறுவனங்கள் அதைத் தவறாகவே கருதும்.

கவிதையை வேறு சொற்களில் சொல்ல முடியுமா?

சொல்லலாம், கவிதை வராது. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பதை "விளைவு அறியாத செயலில் இறங்காதே" என்று மாற்றிப் பாருங்கள். அறிவுரை முழுமையாக வந்துவிட்டது. தண்ணீரின் இருட்டும், கால் வைக்கும் கணத்தின் பயமும் போய்விட்டன. ஒரு பழமொழிக்கே இந்தக் கதி என்றால் நல்ல கவிதைக்கு என்ன ஆகும்? அமெரிக்கத் திறனாய்வாளர் கிளீந்த் புரூக்ஸ் 1947இல் இதைக் கடுமையாகவே சொன்னார்: கவிதையை உரைநடைக் கருத்தாகச் சுருக்கிவிட்டு, அதுவே கவிதை என்று நம்புவது சமயத் துரோகம் போன்ற பிழை. பொழிப்புரையை ஏணியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறி மேலே போய்க் கவிதையையே படியுங்கள்.

இதற்கென்று இருக்கும் மென்பொருள்களைப் பயன்படுத்தலாமா?

உங்கள் வாக்கியம் சிக்கலாகிவிட்டபோது மாற்று அமைப்புகளைப் பார்க்க உதவும். ஆனால் மேலே சொன்ன "லாம்", "தான்", "உம்" எல்லாம் அங்கே வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். வந்ததை மூலத்தோடு ஒப்பிடும் வேலை எப்போதும் உங்களுடையதே. படிக்கும் பாடத்துக்கு வேண்டாம். அங்கே பயன் அந்த வாக்கியத்தில் இல்லை, அதை உருவாக்க நீங்கள் பட்ட பாட்டில் இருக்கிறது.

உண்மையை மறைப்பதற்கும் இதைப் பயன்படுத்துகிறார்களே?

பயன்படுத்துகிறார்கள். "ஆட்களை வேலையிலிருந்து நீக்கினோம்" என்பது "பணியாளர் எண்ணிக்கையைச் சீரமைத்தோம்" என்றாகிறது. "காலமானார்" என்று சொல்வதும் சொல் மாற்றம்தான். ஆனால் அது துயரத்தில் இருப்பவரின் மனத்துக்குக் காட்டும் மரியாதை, கேட்பவருக்கு உண்மை முழுவதும் தெரிகிறது. சீரமைத்தோம் என்பதில் யார் வேலை இழந்தார்கள் என்பதே வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறது. சொல் மாறியபோது மனிதர்கள் மறைந்துவிட்டார்களா என்று பாருங்கள்.

நான் சொன்னதை ஒருவர் தவறாக மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

முதலில், அவர் எந்தச் சொல்லில் தடம் மாறினார் என்று கண்டுபிடியுங்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று மட்டும் சொன்னால் விவாதம் நீளும். "தேவைப்படலாம் என்றேன், தேவை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்" என்று இடத்தைச் சுட்டினால் திருத்துவது எளிது. உங்கள் பழைய வாக்கியத்தையே உரக்கத் திரும்பச் சொல்லாதீர்கள்; அது ஒரு முறை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட வாக்கியம். அதே பொருளை வேறு சொற்களில் சொல்லிவிட்டு, இப்போது எப்படிப் புரிந்தது என்று அவரையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.